வங்குரோத்து அடைந்தவர் யார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனது இறுதித் தூதர் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

  

இன்று ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். ஆங்கிலத்தில் அதனைப் ‘பேங்க்ரப்ட்ஸி’ என்பார்கள். நமது நாட்டுத் தமிழில் ‘வங்குரோத்து’ என்கிறோம். பண்டாரவளைக் கடைவீதியில் ஒரு கடையின் கதவு இரண்டு நாட்கள் சேர்ந்தாற்போல் பூட்டியிருந்தால், மூன்றாம் நாள் இந்தச் சொல் அந்தக் கடைக்காரரின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. தவணைப் பணம் கட்டத் தவறியதால் ஒருவரின் முச்சக்கர வண்டியை லீசிங் கம்பனியார் எடுத்துச் சென்றால், மாலைக்குள் ஊர் முழுவதும் அவரை வங்குரோத்துக்காரர் என்கிறது. பத்திரிகைகளைப் புரட்டினால் அரசியல் வங்குரோத்து, கொள்கை வங்குரோத்து, ஒழுக்க வங்குரோத்து என்று தலைப்புகள் வருகின்றன. 2022ஆம் ஆண்டின் பின்னரோ, நாடே வங்குரோத்தாகிவிட்டது என்ற பேச்சைக் கேட்காத பிள்ளை இல்லை.

இவ்வளவு தாராளமாக நாம் வழங்கும் ஒரு சொல்லின் பொருள் என்ன? சட்டம் அதனை எவருக்குச் சூட்டுகிறது? நாம் எவருக்குச் சூட்டுகிறோம்? அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் எவருக்குச் சூட்டினார்கள்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

சொல் வந்த வழி

இத்தாலி நாட்டு மொழியில் ‘பங்கா’ என்றால் பலகை, மேசை. அந்நாட்டு நகரங்களில் நாணயம் மாற்றுவோரும் கடன் கொடுப்போரும் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் காசைப் பரப்பித் தொழில் செய்தனர். வங்கியைக் குறிக்கும் ‘பேங்க்’ என்ற சொல்லே அந்தப் பலகையிலிருந்து பிறந்ததுதான். ‘ரொட்டா’ என்றால் உடைந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க இயலாமற் போனவனின் பலகையை உடைத்து, இவன் இனி இங்கே தொழில் செய்ய முடியாது என்று ஊருக்கு அறிவித்தார்கள் என ஒரு கதை கூறப்படுகிறது. கதை எவ்வாறிருப்பினும், சொல்லின் பொருள் உடைந்த பலகை என்பதே.

அந்தச் சொல் பிரெஞ்சு மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் டச்சு மொழிக்கும் சென்றது. 1658 முதல் 1796 வரை நமது நாட்டின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் அதனைப் ‘பங்க்ரூட்’ என்றனர். சிங்களச் சகோதரர்கள் இன்று சொல்லும் ‘பங்கொலொத்’ என்பது அதிலிருந்து வந்தது. நமது ‘வங்குரோத்து’ என்பதிலும் அதே ஓசையைக் கேட்கலாம். தமிழ்நாட்டிலோ இச்சொல் வழக்கில் இல்லை. அங்கே ‘திவால்’ என்பார்கள், ‘நொடித்துப் போனார்’ என்பார்கள், ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்றும் சொல்வார்கள்.

அரபு மொழியில் இதற்குரிய சொல் ‘இஃப்லாஸ்’. அந்நிலையை அடைந்தவர் ‘முஃப்லிஸ்’. ‘ஃபல்ஸ்’ என்றால் செப்புக்காசு. பொன் தீனாரும் வெள்ளி திர்ஹமும் கையை விட்டுப் போய்ச் செப்புக்காசு மட்டும் எஞ்சியவர், அல்லது அதுவும் எஞ்சாதவர் என்பது முஃப்லிஸ் என்பதன் பொருள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் பிற்பகுதியில் மீண்டும் இதனிடம் வருவோம்.

கடனாளி வேறு, வங்குரோத்தானவர் வேறு

அன்பர்களே! நாம் ஒன்றாகக் கலந்து பேசும் நான்கு நிலைகளைச் சட்டம் வெவ்வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது.

முதலாவது, கடன் பட்டிருத்தல். வீடு கட்டவும் கடை நடத்தவும் உலகில் பெரும்பாலானோர் கடன் பட்டிருக்கிறார்கள். அது குற்றமுமன்று, வங்குரோத்துமன்று. இரண்டாவது, கைமுடை. சொத்து இருக்கிறது, வர வேண்டிய பணமும் இருக்கிறது, இன்று கையில் மட்டும் காசில்லை. பெருநாளைக்குத் துணி எடுத்துக் குவித்த வியாபாரிக்குப் பெருநாளுக்கு முந்திய வாரம் வரும் நெருக்கடி இது. மூன்றாவது, உள்ளதை எல்லாம் விற்றாலும் கடன் அடையாத நிலை. இது ஒருவரின் பொருளாதார நிலைமை மாத்திரமே. நான்காவது, அந்நிலைமையை நீதிமன்றம் விசாரித்து, இவர் வங்குரோத்தானவர் என்று தீர்ப்பளித்து, அவரது சொத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, கடன் கொடுத்தோருக்கு விகிதப்படி பங்கிடுவது. ஆங்கிலேயரின் சட்டத்தில் ‘பேங்க்ரப்ட்ஸி’ என்பது இந்த நான்காவது நிலையே. கம்பனி ஒன்று இவ்வாறு வீழ்ந்தால், அதனைக் கலைத்துக் கணக்குத் தீர்ப்பதற்கு வேறு சட்டம் உண்டு.

நமது நாட்டில் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கென இயற்றப்பட்டது. வங்குரோத்தானவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு அதிலிருந்து விடுவிக்கப்படாதவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்று நமது அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே இது ஒரு நீதிபதி, ஆவணங்களைப் பார்த்து, இரு பக்கத்தாரையும் கேட்டு, நிதானமாக வழங்க வேண்டிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத்தான் நாம் தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டு அரை நிமிடத்தில் வழங்கிவிடுகிறோம்.

இச்சட்டத்தின் வரலாற்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1542ஆம் ஆண்டு வந்த முதலாவது வங்குரோத்துச் சட்டம், கடனைத் தீர்க்க இயலாதவரைக் குற்றவாளியாகவே நோக்கியது. கடனாளிகளை அடைத்து வைக்கத் தனிச் சிறைகள் இருந்தன. சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியரின் தந்தை 1824ஆம் ஆண்டு இலண்டனில் அத்தகைய சிறையொன்றில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றார். சிறையில் இருப்பவன் உழைக்க முடியாது, உழைக்காதவன் கடனை அடைக்கவும் முடியாது என்ற எளிய உண்மை விளங்கப் பல தலைமுறைகள் சென்றன. கணக்கை ஒளிக்காமல் ஒப்படைத்த வியாபாரிக்கு மிகுதிக் கடனிலிருந்து விடுதலை தரும் ஏற்பாடு 1705ஆம் ஆண்டளவில் வந்தது. கடனுக்காகச் சிறையிடுவது 1869ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெருமளவில் கைவிடப்பட்டது. அன்று தண்டனையாகத் தொடங்கிய சட்டம், நேர்மையாகத் தோற்றவனை எழுப்பி விடும் சட்டமாகப் படிப்படியாக மாறியது.

நமது மலைகள் கண்ட வங்குரோத்து

வெகு தூரம் செல்லத் தேவையில்லை. நமது ஊவா மலைகளே இச்சொல்லின் பாரத்தைச் சுமந்தவை. இன்று தேயிலை நிற்கும் இம்மலைகளில் ஒரு காலத்தில் கோப்பி நின்றது. 1869ஆம் ஆண்டு நமது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு போன்ற நோய் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. விலை உயர்ந்திருந்தபடியால் கடன் வாங்கி மேலும் மேலும் நட்டார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் அந்தரைத் தொட்டிருந்த ஏற்றுமதி, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் சரிந்து ஒழிந்தது. தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் கதவை மூடியது.

அன்று நம் நாட்டு மக்களின் கைகளில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கி அச்சிட்டவை. வங்கி வீழ்ந்தால் நோட்டு வெறும் தாள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்து மக்களின் பீதியைத் தணித்தார். அதன் பின்னரே அரசாங்கம் தானே நோட்டு வெளியிடும் சட்டம் அதே 1884ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பிறர் பட்ட கடனுக்கு, அதனோடு எந்தத் தொடர்புமில்லாத ஏழையின் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டு பலியாகாமல் ஓர் ஆட்சியாளரின் பொறுப்பேற்பு காத்தது.

ஆனால் எல்லாரும் காக்கப்படவில்லை. தோட்டங்கள் நொடித்தபோது துரைமாருக்கு வங்குரோத்துச் சட்டம் இருந்தது. கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளில் உழைத்த தொழிலாளருக்குப் பல மாதக் கூலி பாக்கி நின்றது. அவர்களது கடனோ அழியவில்லை. பயணச் செலவு, அரிசி, கம்பளி என்று கங்காணியின் கணக்கில் ஏறிய கடன், ‘துண்டு’ என்ற ஒரு சீட்டில் எழுதப்பட்டு, தோட்டம் மாறும்போது தொழிலாளரோடு கூடவே சென்றது. புதிய துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் மட்டும் அவர்கள் தலையிலேயே நிற்கும். இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுதான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பெரிய கடனாளிக்கு விடுதலையும் சிறிய கடனாளிக்கு விலங்கும் கிடைத்த காலம் அது. தமது வியர்வைக்குரிய கூலியைப் பெறாதவர்களும் கடன் கொடுத்தவர்களே என்பதை அன்றைய கணக்குப் புத்தகங்கள் மிகவும் பிந்தியே ஏற்றுக்கொண்டன.

நம் காலத்தில் நாம் கண்டது 2022. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நிதி அமைச்சு அறிவித்தது. மே 18ஆம் திகதி, தவணை தவறிய கடன் பத்திரங்களின் வட்டிக்கு வழங்கப்பட்ட 30 நாள் அவகாசமும் முடிந்தது. சுதந்திரத்தின் பின் நமது நாடு இவ்வாறு கடன் தவறியது அதுவே முதற்றடவை. உண்மையில் ஒரு நாட்டை வங்குரோத்தானது என்று தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் உலகில் இல்லை. நாடு தன் கடன்காரர்களோடு அமர்ந்து பேசி, அவகாசமும் தள்ளுபடியும் பெற்றே எழ வேண்டும். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு இணங்கியது. 2024 டிசம்பரில் பழைய கடன் பத்திரங்கள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நாடு கடன் தவறியபோது, எங்களுக்கு அவகாசம் தாருங்கள், எங்கள் ஏழைகளை நெருக்காதீர்கள் என்று உலகத்திடம் கேட்டோம். அது நியாயமே. ஆனால் அதே நாட்களில், நம் அயலவரான கூலித் தொழிலாளி நம்மிடம் ஒரு மாத அவகாசம் கேட்டபோது நாம் என்ன சொன்னோம்?

மார்க்கம் வகுத்த வழி

இங்கிலாந்தில் முதலாவது வங்குரோத்துச் சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மதீனாவில் இந்தப் பிரச்சினை நபியவர்களின் முன்னிலைக்கு வந்தது. கனிகளை விலைக்கு வாங்கிய ஒரு தோழர் பெரும் நட்டமடைந்து கடனில் மூழ்கினார். நபி (ஸல்) அவர்கள் முதலில் மக்களை நோக்கி, இவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள். மக்கள் கொடுத்தார்கள். அது கடனை அடைக்கப் போதவில்லை. பின்னர் கடன் கொடுத்தவர்களை அழைத்து, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்துப்பட அறிவித்தார்கள். அபூ ஸஈத் அல்குத்ரி (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

எவ்வளவு நிதானமான ஒழுங்கு பாருங்கள்! முதலில் சமுதாயம் கைகொடுக்கிறது. அடுத்து, உள்ள சொத்து ஒளிக்கப்படாமல் பங்கிடப்படுகிறது. மூன்றாவதாக, இல்லாததைக் கேட்டு நெருக்குவது தடுக்கப்படுகிறது. நபியவர்கள் அவரை ஏசவில்லை. அங்கிருந்தோர் ஏசவும் இடமளிக்கவில்லை.

இதன் அடிப்படையில் நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் முஃப்லிஸ் பற்றித் தனி அத்தியாயமே வகுத்துள்ளன. கடன் கொடுத்தோர் முறையிட்டால் நீதிபதி அவரது சொத்தை முடக்கி, விற்று, விகிதப்படி பங்கிடுவார். பங்கீடு முடியும்வரை அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் உணவும் உடையும் அந்தச் சொத்திலிருந்தே வழங்கப்படும். ஆயினும் ஆங்கிலச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நீதிமன்றம் விடுவித்துவிட்டால் மிகுதிக் கடன் ஒழிந்து போகும். இங்கே, கொடுத்தவர் மனமுவந்து மன்னித்தால் அன்றி மிகுதி பொறுப்பாகவே நிற்கும். கையில் வசதி வரும்வரை நெருக்கக் கூடாது என்பதே கட்டளை.

ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம், கடன் பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், தர்மமாக விட்டுக்கொடுத்தல் இன்னும் சிறந்தது என்றும் போதிக்கிறது. ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாருள் கடனில் மூழ்கியவர்களையும் சேர்த்திருக்கிறது. அதாவது நேர்மையாக வாழ்ந்து, வியாபாரத்தில் வீழ்ந்தவருக்கு நமது செல்வத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு வருபவரை வங்குரோத்துக்காரர் என்று எள்ளி நகையாடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மறுபக்கத்தையும் மார்க்கம் விட்டுவிடவில்லை. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு பிறர் பொருளைப் பெற்றவருக்கு அல்லாஹ் உதவுவான், அழித்துவிடும் எண்ணத்தோடு பெற்றவனை அல்லாஹ் அழிப்பான் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். கடனை விட்டுவிட்டு மரணித்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காமல் நின்றார்கள். அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள்.

ஆகவே, கடையில் இருந்த சரக்கை இரவோடிரவாக மைத்துனரின் வீட்டில் இறக்கிவிட்டு, காணியை மனைவியின் பெயருக்கு மாற்றிவிட்டு, கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு வேறு ஊருக்குச் செல்பவர், நான் வங்குரோத்தாகிவிட்டேன் என்று சொன்னால் அது வங்குரோத்தன்று. அது களவு. அவரிடம் சரக்குக் கொடுத்த சிறு வியாபாரி, நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த உறவுக்காரப் பெண், மாதச் சம்பளம் பெறாத கடைப் பையன் ஆகியோரின் கண்ணீர் அவரைப் பின்தொடரும். 2002ஆம் ஆண்டு பிரமுக வங்கி மூடப்பட்டபோதும், 2008ஆம் ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோதும், ஓய்வூதியத்தையும் வாழ்நாள் சேமிப்பையும் வைப்பிலிட்டிருந்த முதியோர் பட்ட பாட்டை நமது நாடு பார்த்தது. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது.

நபியவர்கள் கேட்ட கேள்வி

சகோதரர்களே! இப்போது நாம் முன்னர் நினைவில் வைத்துக்கொண்ட முஃப்லிஸ் என்ற சொல்லிடம் வருவோம்.

ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், முஃப்லிஸ் யார் என்று அறிவீர்களா எனக் கேட்டார்கள். தோழர்கள், காசும் பண்டமும் இல்லாதவரே முஃப்லிஸ் என்று, உலகம் அறிந்த பொருளைச் சொன்னார்கள். நபியவர்களோ அச்சொல்லுக்கு வேறொரு விளக்கம் தந்தார்கள். தம் சமுதாயத்தில் முஃப்லிஸ் ஆனவர், தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றோடு மறுமை நாளில் வருவார். ஆனால் அவர் ஒருவரை ஏசியிருப்பார், ஒருவர் மீது அவதூறு கூறியிருப்பார், ஒருவரின் பொருளை உண்டிருப்பார், ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். அவரது நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். கணக்குத் தீருமுன் நன்மைகள் தீர்ந்துவிட்டால், அவர்களது பாவங்கள் எடுக்கப்பட்டு இவர் மீது சுமத்தப்படும். பின்னர் அவர் நரகில் எறியப்படுவார். அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தியின் சாரம் இது.

இந்த விளக்கத்தை வங்குரோத்துச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே சொத்து இருக்கிறது, அது நன்மைகள். கடன் கொடுத்தோர் இருக்கிறார்கள். அவர்கள் நம்மால் பாதிக்கப்பட்டோர். நீதிபதி இருக்கிறான், அவனிடம் எதையும் ஒளிக்க முடியாது. பங்கீடும் நடக்கிறது. ஆனால் மதீனாவில் அந்தக் கனி வியாபாரிக்குக் கிடைத்த சலுகை அங்கே இல்லை. இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடன்காரர்கள் அனுப்பப்படுவதில்லை. வசதி வரும்வரை அவகாசம் என்பதும் இல்லை. ஏனெனில் உழைத்துச் சேர்க்க இன்னொரு நாள் இல்லை. கையிருப்புத் தீர்ந்த பின் பிறருடைய சுமையும் இவர் தலையில் ஏறுகிறது.

அந்தப் பட்டியலில் முதலிரண்டு இடங்களில் இருப்பவை எவை என்பதையும் கவனியுங்கள். ஏச்சும் அவதூறும்! இரண்டும் நாவின் பாவங்கள். நட்டப்பட்ட ஒரு மனிதரை நாம் வங்குரோத்துக்காரர் என்று ஏசும்போது, உண்மை தெரியாமல் அவர் ஊரை ஏமாற்றினார் என்று பரப்பும்போது, நமது கணக்கில் என்ன நிகழ்கிறது? அவர் மனிதர்களிடம் பட்ட கடன் சில லட்சம் ரூபாவாக இருக்கலாம். அவரிடம் நாம் பட்ட கடன் அந்த நிமிடத்தில் தொடங்கிவிடுகிறது. அவருடைய கடனுக்கு இவ்வுலகில் சட்டமும் அவகாசமும் ஸகாத்தும் உண்டு. நமது கடனுக்கு, அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அவரை வங்குரோத்து என்று அழைத்து அழைத்தே நாம் வங்குரோத்தாகிக் கொண்டிருக்கிறோம்.

பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, பதுளைக் கடைவீதிகளில் தொழில் செய்யும் சகோதரர்களே! பூனாகலையிலிருந்தும் டம்பத்தன்னையிலிருந்தும் தோட்டத்துச் சகோதரி ஒருத்தி சம்பள நாளில் வந்து, மாதம் முழுவதும் கொழுந்து பறித்த கையால் எண்ணி எண்ணிப் பணம் தருகிறாள். அவளுக்கு நிறுக்கும் அரிசியில் ஐம்பது கிராம் குறைத்தாலும், எழுத்து வாசிக்கத் தெரியாத அவளது கொப்பிக் கணக்கில் ஒரு வரி கூட்டி எழுதினாலும், அவள் நாளை நமது கடன்காரியாக அந்த மன்றத்தில் நிற்பாள். நிறுப்பதில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இறங்கியது. அநியாயம் இழைக்கப்பட்டவர் எந்த மதத்தவர், எந்த மொழியினர் என்று அந்த நீதிபதி பார்க்க மாட்டான்.

இன்று செய்யக் கூடியவை

வாலிபர்களே! வருமானத்துக்கு மேல் தவணைக்குப் பொருள் வாங்காதீர்கள். கைத்தொலைபேசியின் வழியே சில நிமிடங்களில் கிடைக்கும் கடன் பல மாதங்கள் உறக்கத்தைக் கெடுக்கும். வட்டியோடு வந்தால் பரக்கத்தையும் கெடுக்கும். வங்கிக் கணக்கில் பணமில்லை என்று அறிந்துகொண்டே பிந்திய திகதியிட்ட காசோலையை எழுதிக் கொடுக்காதீர்கள். அது வாக்குறுதியின் உருவில் உள்ள பொய். கடனிலிருந்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாவல் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன் பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

பெற்றார்களே! வீட்டின் கடனைப் பிள்ளைகளிடம் முற்றாக மறைக்காதீர்கள். தந்தை எவ்வளவு உழைக்கிறார், எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அறிந்த பிள்ளை, பிறர் வீட்டைப் பார்த்துப் பொருள் கேட்காது. கடனை எழுதி வைக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியே பேசுகிறது. உறவினர்தானே என்று எழுதாமல் கொடுத்த பணத்தால் பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

வியாபாரத்தில் சறுக்கியவர்களே! ஒளியாதீர்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். காசோலை திரும்பி வருமுன்னரே கடன் தந்தவரிடம் நீங்களாகச் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். தேடி வந்தவரின் மீது கோபம் தணிகிறது. தேடவைத்தவரின் மீதுதான் கோபம் வளர்கிறது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களையோ, ஊரில் மதிக்கப்படும் ஒரு பெரியவரையோ நடுவில் வைத்துப் பேசுங்கள். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும் இத்தகைய பிணக்குகளைத் தீர்த்து வைக்கவே இருக்கின்றன. உங்கள் ஊரில் ஸகாத் நிதியம் இருந்தால் அங்கே செல்ல வெட்கப்படாதீர்கள். அல்லாஹ் குறித்து வைத்த உரிமை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரக்தியுற்று உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கு ஒருபோதும் இடமளிக்காதீர்கள். உடைந்தது பலகைதான்; மனிதர் அல்லர். பலகையை மீண்டும் செய்யலாம்.

கடன் கொடுத்தவர்களே! உங்கள் உரிமையைக் கேட்பது பாவமன்று. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால், அயலார் கேட்க, வாசலில் நின்று கூவாதீர்கள். தவணையைச் சிறிதாக்குங்கள், காலத்தை நீட்டுங்கள். முடிந்தால் ஒரு பகுதியை அல்லாஹ்வுக்காக விட்டுவிடுங்கள். எவருடைய கணக்கும் குறைவுபடக்கூடிய அந்த நாளில் அது உங்கள் கையிருப்பாக இருக்கும்.

நேயர்களே! இன்றிரவு உறங்கச் செல்லுமுன் ஒவ்வொருவரும் இரண்டு கணக்குகளை எடுத்துப் பார்ப்போம். ஒன்று, நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டிய பணம். மற்றது, நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டிய மன்னிப்புக் கோரிக்கை. முதலாவதை அடைக்கச் சில வேளை ஆண்டுகள் செல்லும். இரண்டாவதை நாளைக் காலையிலேயே அடைக்கலாம். அதற்கு ஒரு செப்புக்காசும் தேவையில்லை.

யா அல்லாஹ்! கடனின் பாரத்திலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. நட்டமுற்றோரின் கைகளைப் பிடித்து எழுப்புவாயாக. கொடுத்தோரின் உள்ளங்களில் இரக்கத்தையும் பெற்றோரின் உள்ளங்களில் நேர்மையையும் உண்டாக்குவாயாக. மறுமையில் முஃப்லிஸ்களாக உன் முன்னால் நிற்கும் நிலையிலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.